கல்லூரிக்குப் போயும் கோட்டைவிடுபவை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது பேட்ச் உள்ளே வந்து ஆறு வாரம் ஆனால் போதும். போன பேட்ச் செய்த தவறுகள் வரிசைகூட மாறாமல் திரும்ப வந்துவிடும். சீனியர்களைக் கேட்டால், "நாங்களும் அப்படித்தான் பண்ணோம்" என்று சிரிப்பார்கள். முன்கூட்டிச் சொல்ல மட்டும் மாட்டார்கள். வகுப்புக்கு மட்டம் போடாதே, கைப்பேசியை ஓரமாக வை, தேர்வுக்கு முந்தின நாள்வரை புத்தகத்தைத் திறக்காமல் இருக்காதே என்பதெல்லாம் இங்கே இல்லை. அவற்றை வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஒழுங்காக வந்து ஒழுங்காகப் படிக்கிற பிள்ளைகளும் செய்கிற தவறுகள்தான் இவை.

பாடம் புத்தகத்தில் இருக்கிறது, காணொளியிலும் இருக்கிறது. அதற்காக மட்டும் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் செய்ததைப் பார்த்து "இந்த இடத்தில் தப்பு" என்று விரல் வைத்துக் காட்ட ஓர் ஆள் இருப்பதும், உங்களைப் போல யோசிக்காத நாலு பேர் பக்கத்து பெஞ்சில் இருப்பதும்தான் வெளியே கிடைக்காதவை. பெரும்பாலானோர் தொலைப்பதும் இவற்றைத்தான்.

கிரெடிட்டை வகுப்பு நேரம் என்று நினைப்பது

கிரெடிட் என்பது ஒரு பாடம் கேட்கும் உழைப்பின் அளவு. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஓராண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. அதாவது 5 கிரெடிட் பாடம் ஒன்று உங்களிடம் 125 முதல் 150 மணி நேரம் கேட்கிறது. வகுப்பு, ஆய்வகம், அசைன்மென்ட், தேர்வுக்குப் படிப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். அமெரிக்க முறையிலும் வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே இரண்டு மணி நேரம் என்பதுதான் அடிப்படை. வகுப்பில் உட்கார்ந்ததோடு கடமை முடிந்தது என்று எழுந்து போகிறவர் வேலையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் முடித்திருக்கிறார். கால அட்டவணையில் காலியாகத் தெரியும் மணி நேரங்கள் காலி அல்ல. அவற்றில் எந்தப் பாடத்துக்கு எது என்று முதல் வாரத்திலேயே பெயர் எழுதிவிடுங்கள்.

முதல் ஆண்டைப் 'பழகும் ஆண்டு' என்று விடுவது

கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு செமஸ்டர், எல்லாவற்றுக்கும் சம கிரெடிட், பத்துப் புள்ளி முறை. இறுதியில் சி.ஜி.பி.ஏ., அதாவது எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரிப் புள்ளி, 8 வேண்டும். முதல் இரண்டு செமஸ்டரில் 6 எடுத்தால், மிச்சம் ஆறிலும் சராசரியாக 8.67 எடுக்க வேண்டும். நான்கு செமஸ்டர் 7-லேயே ஓடினால், மிச்சம் நான்கிலும் 9. ஆறு செமஸ்டர் 7 என்றால் கடைசி இரண்டில் 11 தேவைப்படும். பத்துக்கு மேல் புள்ளி கிடையாது. "கடைசி வருஷம் பார்த்துக்கலாம்" என்பவர்கள் இந்தக் கணக்கைக் கடைசி வருஷத்தில்தான் போட்டுப் பார்க்கிறார்கள்.

திரும்பத் திரும்ப வாசிப்பதைப் படிப்பு என்று எண்ணுவது

பள்ளியில் இது ஓடியிருக்கும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு பத்திகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு பத்தியை மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். மறுபடி வாசிக்காமல் தாளில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. "படிச்சப்ப எல்லாம் தெரிஞ்சுது, ஹாலில் மறந்துபோச்சு" என்ற புலம்பலுக்குக் காரணம் இந்த ஐந்து நிமிடத் தெம்புதான். வகுப்பு முடிந்த அன்றைக்கே புத்தகத்தை மூடிவைத்து ஒரு பக்கம் எழுதுங்கள். விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். அடுத்த வாரம் அந்த வேறு நிறப் பகுதியை மட்டும் மறுபடி எழுதிப் பாருங்கள்.

எந்த ஆசிரியருக்கும் தெரியாமல் படித்து முடிப்பது

இதை எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் குறைவதில்லை. காட்சி ஒன்றேதான், ஆள் மட்டும் மாறும். கடைசி செமஸ்டர். ஆசிரியர் அறை வாசலில் நல்ல மார்க் வாங்கும் ஒரு பிள்ளை தயங்கி நிற்கும்.

"சார், மேல்படிப்புக்கு ஒரு ரெக்கமண்டேஷன் லெட்டர் வேணும்."

"எப்போ கடைசித் தேதி?"

"நாளன்னிக்கு சார்."

"உங்களுக்கு நான் எந்தப் பேப்பர் எடுத்தேன்?"

"நாலாவது செம்ல... மூணாவது பெஞ்ச்ல உட்காருவேன் சார்."

ஆசிரியர் நல்லவராக இருந்தால் எழுதித் தருவார். ஆனால் என்ன எழுதுவார்? "இந்த மாணவர் ஒழுக்கமானவர், வகுப்புக்கு ஒழுங்காக வந்தார், 86 மதிப்பெண் பெற்றார்." மதிப்பெண் பட்டியலில் இருப்பதையே இந்தக் கடிதமும் சொல்கிறது. சேர்க்கைக் குழுவில் வாசிப்பவருக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால், கடிதமே வராத மாதிரிதான். இவரைப் பற்றிச் சொல்ல யாருக்கும் எதுவும் இல்லை என்று காட்டிக்கொடுப்பதால் சில சமயம் அதைவிட மோசம். பல பல்கலைக்கழகங்களின் படிவங்கள் பரிந்துரைப்பவரிடம் நேராகவே கேட்கின்றன: எத்தனை நாளாகத் தெரியும், எந்த வகையில் தெரியும், இதே நிலையில் நீங்கள் பார்த்தவர்களில் முதல் 5 சதவீதத்தில் வருவாரா, 10 சதவீதத்திலா. மூன்றாவது பெஞ்சை வைத்து இதற்குப் பதில் எழுத முடியாது. மேல்படிப்பு விண்ணப்பங்கள் பெரும்பாலும் இப்படி இரண்டு அல்லது மூன்று கடிதம் கேட்கும். ஆக, உங்களை அறிந்த ஒருவர் இருந்தாலும் போதாது.

கடிதமாவது கண்ணுக்குத் தெரிகிற இழப்பு. தெரியாதது இன்னும் பெரியது. நான்கு ஆண்டுகளில் இந்த மாணவர் நூறு தடவையாவது எதையாவது எழுதிக் கொடுத்திருப்பார். அதில் எங்கே சறுக்குகிறோம் என்று ஒரு தடவைகூட யாரிடமும் உட்கார்ந்து கேட்டதில்லை. முதல் செமஸ்டரில் வரைபடத்தின் அச்சுக்கு அலகு எழுதாமல் விட்டவர், எட்டாவது செமஸ்டர் ஆய்வேட்டிலும் அலகு எழுதாமல்தான் கொடுக்கிறார். ஒவ்வொரு முறையும் அரை மார்க் போனது. ஏன் போனது என்று கேட்க நாதியில்லை. திருத்திய விடைத்தாளை மடித்துப் பைக்குள் போடும் கணத்தில், கட்டிய கட்டணத்தின் பாதியும் அந்தப் பைக்குள்ளே போய்விடுகிறது.

2014-இல் அமெரிக்காவில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் சேர்ந்து 30,000-க்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் கேட்டன. பாடத்தில் ஆர்வம் மூட்டிய ஓர் ஆசிரியர், தன்மேல் அக்கறை காட்டிய ஆசிரியர்கள், கனவைத் தொடர ஊக்கம் தந்த ஒரு வழிகாட்டி ஆகிய மூன்றும் கிடைத்தது என்றவர்கள் 14 சதவீதமே. வேலையில் ஈடுபாட்டோடு இருக்கும் வாய்ப்பு இவர்களுக்கு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல். ஆசிரியர்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. தேடிப் போகிற சுபாவம் உள்ளவருக்கு இரண்டுமே அமையலாம். ஆனால் தேடிப் போவது பழகிக்கொள்ளக்கூடியதுதான்.

எப்படிப் போவது? கூச்சம்தான் முதல் தடை, அதனால் கையில் தாளோடு போங்கள். முதல் உள்மதிப்பீட்டுத் தாள் திரும்பி வந்த வாரமே தொடங்கலாம். மார்க் குறைந்த ஒவ்வோர் இடத்திலும் ஓரத்தில் ஒரு சொல் எழுதுங்கள்: தெரியவில்லை, கேள்வியைத் தப்பாக வாசித்தேன், நேரம் போதவில்லை, ஏன் குறைந்தது என்றே புரியவில்லை. அந்தக் கடைசி வகையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் இருக்கும் நேரத்தில் போங்கள். "சார், இந்தச் சாப்டரே புரியல" என்றால் அவரால் எதையும் தொடங்க முடியாது. "மூன்றாவது வரியிலிருந்து நாலாவது வரிக்கு எப்படி வந்தோம்? நான் இப்படிப் போட்டேன், விடை மாறுகிறது" என்றால் பத்து நிமிடத்தில் முடியும். தப்பித் தவறியும் "ரெண்டு மார்க் சேர்த்துப் போடுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். கூட்டல் பிழை இருந்தால் சொல்லலாம். மற்றபடி பேரம் பேச வந்தவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது.

பெரும்பாலானோர் விடுவது அடுத்த படியைத்தான்: இரண்டு வாரம் கழித்து, அவர் சொன்னபடி திருத்தியதைக் கொண்டுபோய்க் காட்டுவது. சொன்னதைச் செய்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் மிகக் குறைவு; அந்த முகம் ஆசிரியருக்கு மறக்காது. மின்னஞ்சலில் கேட்பதானால் பொருள் வரியில் பாடத்தின் பெயர், வகுப்பு, பதிவெண். உள்ளே ஒரே ஒரு கேள்வி, அதற்கு நீங்கள் முயன்று பார்த்தது மூன்று வரி. பத்துக் கேள்வி இருந்தால் நேரில் போங்கள்.

எரிந்து விழும் ஆசிரியரும் இருப்பார், தலையை நிமிர்த்தாமலே "ஹெச்.ஓ.டி.யைப் பாரு" என்று அனுப்புகிறவரும் இருப்பார். அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம், அடுத்த அறைக்குப் போங்கள். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் உங்கள் வேலையை விவரமாக அறிந்தவர்கள் இருவர் இருந்தால் போதும். பிறகு கடிதம் கேட்க வேண்டிய வேளையில், கடைசித் தேதிக்கு ஒரு மாதமாவது முன்னால் கேளுங்கள். மதிப்பெண் பட்டியல், ரெஸ்யூமே, ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் நோக்க அறிக்கை, எந்தெந்த இடத்துக்கு எந்தத் தேதிக்குள் என்ற பட்டியல், அவரே திருத்திய உங்கள் அசைன்மென்ட் ஒன்று, இத்தனையும் ஒரே உறையில். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒருமுறை நினைவூட்டலாம், தவறில்லை. இடம் கிடைத்ததா இல்லையா என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள். இதைச் செய்கிறவர்களும் குறைவுதான்.

எல்லா மன்றத்திலும் பெயர் கொடுப்பது

ஒன்று போதும், அதில் கணக்கோ மேடையோ ஏதாவது ஒரு பொறுப்பு முழுசாக உங்கள் கையில் இருந்தால்.

குழு ப்ராஜெக்டில் தெரிந்த வேலையையே எடுப்பது

நால்வர் குழு. நிரல் எழுதத் தெரிந்தவர் நிரல் எழுதுவார், ஆங்கிலம் வருகிறவர் அறிக்கை, கை நேர்த்தியானவர் ஸ்லைடு. நாலாமவர் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு வருவார். வேலை சீக்கிரம் முடியும். யாரும் எதையும் புதிதாகக் கற்றிருக்க மாட்டார்கள். ஸ்லைடு போட்டவர் எட்டு செமஸ்டரும் ஸ்லைடே போட்டிருப்பார். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அவரிடம் போய், "இந்த அளவீட்டை ஏன் மூன்று முறை எடுத்தீர்கள்?" என்று கேட்பார், நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

வேலையைத் திறமைப்படி பிரிக்காமல் பகுதிப்படி பிரியுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பகுதி, அதன் செய்முறை, எழுத்து, படம் எல்லாம் அவர் பொறுப்பு. விளக்கும் நாளில் உங்கள் பகுதியை இன்னொருவர் விளக்கட்டும், அவருடையதை நீங்கள் விளக்குங்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், சண்டையும் வரும். வேலை செய்யாத கூட்டாளியிடம் நாகரிகமாகப் பேசி வேலை வாங்குவதை, சம்பளம் பறிபோகும் பயம் இல்லாமல் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. யார் எதை எந்தத் தேதியில் முடிப்பது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

நாலு பேரோடு நாலு வருஷம்

அந்த நாலு பேர் நட்பு இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியாதது அவர்களுக்கும் தெரியாது. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டதைப் பதிவு செய்திருக்கிறார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம், எப்போதாவது என்றவர்கள் 55.6, அரிதாக என்றவர்கள் 27.8. நெருங்கிய வட்டத்துக்குள் புதுச் செய்தி வருவது குறைவு என்பதே அவர் சொன்ன காரணம். விருப்பப் பாடம் ஒன்றை வேறு துறையில் எடுங்கள். ஆய்வகத்தில் வாரம் ஒரு முறையாவது இடம் மாறி உட்காருங்கள். இரண்டு ஆண்டு மூத்தவர் ஒருவரை செமஸ்டருக்கு ஒரு முறையாவது விசாரியுங்கள்.

சான்றிதழ் சேர்ப்பது

இரண்டு நாள் பயிலரங்குச் சான்றிதழ் இருபது இருந்தால், நாற்பது நாள் ஏ.சி. ஹாலில் உட்கார்ந்திருந்தீர்கள் என்றுதான் அர்த்தம்.

கல்லூரிக் கணக்கைக் கடைசிவரை நம்புவது

படிப்பு முடிந்தால் பல கல்லூரிகளில் மாணவர் மின்னஞ்சலும் நூலகத் தரவுத்தள அனுமதியும் நின்றுவிடும். கடைசித் தேர்வுக்கு முன்பே ஆய்வேடு, தரவுகள், ஆசிரியர் எழுதிய குறிப்புகள், பாடத்திட்ட நகல் எல்லாவற்றையும் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். பாடத்திட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: வேறு பல்கலைக்கழகம் உங்கள் கிரெடிட்டை ஏற்க வேண்டுமென்றால் முதலில் கேட்பது அதைத்தான்.