வீட்டிலேயே கிறிஸ்துமஸ் குடில்: மலை, புல், முன்னணை எல்லாம் கையால் செய்வது எப்படி

போன வருஷம் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலை (இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளோடு அமைப்பது) படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து "அது நெசப் புல்லா?", "மலை எதுல செஞ்ச?" என்று கேட்டபடி இருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊரில் வளர்ந்தவள். ஆச்சி வீட்டுக் குடிலுக்குக் கூரை பனை ஓலை, தரை கடற்கரை மணல். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தபின் நாலைந்து வருஷம் டிசம்பர் 23ஆம் தேதி ராத்திரி கடையில் ரெடிமேட் குடில் வாங்கி, மேஜையில் வைத்து, லைட்டைச் சுற்றி முடித்துவிடுவேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் நாலு வாரமும் கோவிலில் "ஆயத்தமாக இருங்கள்" என்று கேட்டுவிட்டு, வீட்டில் அரை மணி நேரத்தில் ஆயத்தம் முடிந்துவிடும். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இப்போது ஒரே நாளில் கட்டுவதில்லை. முதல் ஞாயிறு தொடங்கி வாரத்துக்கு ஒரு வேலை. பிள்ளைகளும் அத்தையும் (என் மாமியார்) சேர்ந்துதான் செய்கிறோம்.

முதல் வாரம்: சுரூபங்களை எடுத்து அளந்துகொள்ளுங்கள்

திருவருகைக்கால முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் வரும். அன்று சுரூபங்களை (குடிலில் வைக்கும் பொம்மைகளை) வெளியே எடுத்துத் துடைத்து, நிற்கும் சுரூபங்களில் உயரமானதை அளந்துவிடுங்கள். எங்கள் சூசையப்பர் (மாதாவின் கணவர்) 6 அங்குலம். கொட்டகை அதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 9 அங்குல உயரம் இருந்தால் பார்வைக்குச் சரியாக இருக்கும். கொட்டகையை முதலில் செய்துவிட்டு அப்புறம் சுரூபம் வாங்கினால் சூசையப்பர் தலை கூரையில் இடிக்கும்.

புதிதாக வாங்குகிறவர்கள் மண் பொம்மையோ காகிதக்கூழ் பொம்மையோ வாங்குங்கள். பண்ருட்டிப் பக்கம் செய்து வருபவை நன்றாக இருக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சுரூபத்தில் ஆட்டின் காது உடைந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று தெரியும், ஒட்டினாலும் தழும்பு மறையாது.

இடம் 3 அடிக்கு 2 அடி போதும். ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், வைக்கோல் பறக்கும். பிளக் பக்கத்தில் இருக்கட்டும்.

இரண்டாம் வாரம்: மலை

இதைத் தள்ளிப்போடாதீர்கள். டிசம்பர் நமக்கு மழைக்காலம். ஒரு வருஷம் 18ஆம் தேதி ஆரம்பித்தேன். நாலு நாளாகியும் காயவில்லை, வீடெல்லாம் புளித்த மாவு வாடை. இரண்டாம் வாரத்தில் செய்தால் ஃபேன் காற்றிலேயே நிதானமாகக் காய்ந்துவிடும்.

தேவையானவை: மூன்று நாலு அட்டைப் பெட்டிகள், பிரவுன் பேப்பர், பழைய செய்தித்தாள், 200 கிராம் மைதா, சுவருக்கு அடித்து மிஞ்சிய டிஸ்டெம்பர், அதில் கலந்து சாம்பல் நிறமாக்க, பெயிண்ட் கடையில் கிடைக்கும் கறுப்பு ஸ்டெயினர்.

மைதாவை முதலில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, கொதிக்கிற ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றிக் கிண்டுங்கள். கூழ் பளபளப்பாக மாறியதும் இறக்கிவிடலாம். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் இதில் மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி அரிக்காது. ஆனால் அது விஷம். பிள்ளைகள் கைவைக்கிற பசையில் வேண்டவே வேண்டாம்.

பெட்டிகளை ஏறுமாறாக அடுக்கி டேப் போடுங்கள். பிரவுன் பேப்பரைத் தண்ணீர் தெளித்துப் பந்தாகக் கசக்கிப் பிரியுங்கள். மறுபடி கசக்கிப் பிரியுங்கள். மூன்று தடவையாவது கசக்கினால்தான் பாறை மடிப்பு வரும். பசையை உள்பக்கம் தடவிப் பெட்டிகள் மேல் போர்த்துங்கள். இழுத்து ஒட்டினால் பார்சல் மாதிரி ஆகிவிடும், தொளதொளவென்று விடுங்கள். உள்ளே பொந்து விழும் இடங்களில் செய்தித்தாள் உருண்டைகளைத் திணியுங்கள்.

நன்றாகக் காய்ந்தபின் பெயிண்ட். முதலில் கரிய சாம்பல் நிறத்தை முழுக்க அடித்துக் காயவிடுங்கள். அடுத்து வெளிர் சாம்பலில் பிரஷ்ஷைத் தொட்டு, பழைய துணியில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷால் மடிப்புகளின் மேடுகளில் மட்டும் லேசாக உரசுங்கள். பள்ளம் கறுப்பாகவே நிற்கும், மேடு வெளுக்கும். அந்த ஒரு உரசலில் பேப்பர் பாறையாகிவிடும். என் மகன் அதைப் பார்த்துவிட்டு பிரஷ்ஷை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான்.

தெர்மோகோல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. என் முதல் மலை தெர்மோகோலில்தான் செய்தது. டப்பா ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன், தண்ணீர் பட்ட சர்க்கரைபோலக் கண்முன்னே உருகிக் குழிந்தது. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் தெர்மோகோலைக் கரைத்துவிடும். தப்பித்தவறி அது நின்றாலும், ஜனவரியில் அதைக் குப்பையில் போட மனசு வராது.

மூன்றாம் வாரம்: புல் (இதை முழுசாகப் படியுங்கள்)

விதை கேழ்வரகு. கோதுமை வேண்டாம், பத்து நாளில் ஜாண் உயரம் வளர்ந்து ஆடுகளை மறைத்துவிடும். கடுகு சீக்கிரம் முளைக்கும், ஆனால் தலை சாய்ந்துவிடும். கேழ்வரகுதான் மெல்லிசாக, இரண்டு மூன்று அங்குலத்தில், நிஜப் புல்தரை மாதிரி நிற்கும்.

டிசம்பர் 13ஆம் தேதி ராத்திரி 50 கிராம் கேழ்வரகை ஊறவையுங்கள். ஒரு அடி அகலத் தட்டுக்கு இது தாராளம். காலையில் வடித்து ஈரத்துணியில் கட்டிவைத்தால் 15ஆம் தேதி காலை வெள்ளை முனை எட்டிப்பார்க்கும். பிள்ளைகளுக்குக் கேழ்வரகு முளைகட்டி மாவு அரைத்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

தட்டில் ஒரு அங்குலம் தென்னை நார்க்கழிவை ஈரமாகப் பரப்பி, முளைத்த கேழ்வரகை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக நார்க்கழிவு தூவுங்கள். செய்தித்தாளால் இரண்டு நாள் மூடிவையுங்கள். அப்புறம் வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

முதல் வருஷம் இந்த "அப்புறம்" எனக்குத் தெரியாது. எதிர்வீட்டு அக்கா அவர்கள் ஊர் அம்மன் கோவிலுக்கு வருஷாவருஷம் முளைப்பாரி போடுகிறவர். அவர்தான் எனக்கு விதை போடவே கற்றுக்கொடுத்தார். முளைப்பாரியை வெளிச்சம் படாத அறையில் வைத்து வளர்ப்பார்கள், அதனால்தான் அது வெளிர் மஞ்சளாக நெட்டையாக வரும். நானும் அதேபோல் இருட்டிலேயே வைத்திருந்தேன். 24ஆம் தேதி திறந்தால் அழகான மஞ்சள் நாற்று, ஆனால் படுத்துக்கிடந்தது. குடிலுக்குப் பச்சை வேண்டும். அதற்கு ஜன்னல் வெளிச்சம் வேண்டும்.

அடுத்த வருஷம் வெளிச்சத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் முளைகளைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு. பூஞ்சை பிடித்துவிட்டது என்று தட்டையே குப்பையில் கொட்டிவிட்டேன். இரண்டாம் தட்டிலும் அதே பஞ்சு. அப்போதுதான் அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். "இது பூசணம் இல்லம்மா, வேரு" என்றார்கள். ஒவ்வொரு முளையின் வேரைச் சுற்றியும் மட்டும், குழந்தையின் காதோர முடிபோல, ஒரே அளவில் நின்றது. அது வேர்த்தூவி, வேரிலேயே வளரும் மெல்லிய இழைகள். சோதிக்க ஒரு வழி: தண்ணீர் தெளியுங்கள். வேர்த்தூவியானால் ஒட்டிப் படிந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பூஞ்சையானால் தண்ணீர் பட்டும் சிலந்திவலைபோல விதைக்கு விதை படர்ந்து நிற்கும், வாடையும் வரும். பூஞ்சையானால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டுத் தண்ணீரைக் குறையுங்கள்.

தண்ணீரை ஊற்றாதீர்கள், ஸ்பிரேயரில் தெளியுங்கள், காலையும் மாலையும்.

பிற்சேர்க்கை: கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், ஒரு விதைகூட முளைக்கவில்லை என்று எழுதியிருந்தார். விசாரித்ததில், பல மாதம் டப்பாவில் கிடந்த கேழ்வரகு. 10ஆம் தேதிக்குள் ஒரு ஸ்பூன் ஊறவைத்து முளைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்னொருவர் வீட்டில் அணில் மொத்தத்தையும் தின்றுவிட்டது. பால்கனியில் வைப்பவர்கள் மேலே பழைய கொசுவலைத் துணி போடுங்கள்.

கொட்டகை, கூரை, லைட்

இதில் சொல்ல அதிகமில்லை. ஐஸ் குச்சியோ ஒடித்த வேப்பங்குச்சியோ வைத்து நாலு கால் கட்டி, கூரைக்கு வைக்கோலைச் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, கீழ் வரிசையிலிருந்து மேலே வாருங்கள். ஊரிலிருந்து பனை ஓலை வந்தால் நான் அதைத்தான் போடுவேன். எல்.இ.டி. சீரியல் செட் மட்டும் பயன்படுத்துங்கள். வைக்கோல் பக்கத்தில் சூடாகும் பல்பும் மெழுகுதிரியும் கூடவே கூடாது.

வெளிநாட்டிலிருந்து ஒரு தங்கை, வைக்கோல் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தார். பார்சலில் வரும் பிரவுன் பேப்பரைக் கத்தரிக்கோலால் நூல் நூலாக வெட்டிக்கொள்ளலாம், வித்தியாசம் தெரியாது.

மாடும் கழுதையும் எதற்கு என்று என் மகள் கேட்டாள். லூக்கா நற்செய்தியில் முன்னணை (குழந்தை இயேசுவைக் கிடத்திய தீவனத் தொட்டி) இருக்கிறது, மாடு கழுதை இல்லை. அவை பழைய ஏற்பாட்டில் எசாயா புத்தகத்தின் முதல் அதிகாரத்திலிருந்து வந்தவை. மாட்டுக்குத் தன் உடைமையாளனைத் தெரியும், கழுதைக்குத் தனக்குத் தீனி போடும் இடம் தெரியும் என்று அங்கே வருகிறது. 1223இல் புனிதர் அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் கிறிஸ்து பிறப்பு விழா கொண்டாடியபோது பொம்மைகள் வைக்கவில்லை. வைக்கோல் நிரப்பிய ஒரு தீவனத் தொட்டி, உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். இதைச் சொன்னதிலிருந்து மகள் மாட்டைத்தான் முதலில் எடுத்து வைக்கிறாள்.

முன்னணை: முதல் வாரமே தொடங்க வேண்டியது

பெரிய தீப்பெட்டியின் உள்தட்டு போதும். வெளியே குச்சி ஒட்டிவிடுங்கள். இதை முதல் ஞாயிறே செய்து, காலியாக, ஜெபம் சொல்லும் இடத்தில் வையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஒரு அங்குலமாக நறுக்கிய வைக்கோல்.

ஒரு நல்ல செயலுக்கு ஒரு வைக்கோல் என்ற பழக்கம் மறைக்கல்வி வகுப்பில் பலரும் கேட்டிருப்பீர்கள். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். மூன்றாம் நாளே பிள்ளைகளுக்குள் கணக்குச் சண்டை வந்துவிட்டது. சாப்பிட்ட தட்டைக் கழுவியதற்கு ஒன்று, கதவைச் சாத்தியதற்கு ஒன்று. அதனால் விதியை மாற்றினோம். தான் செய்ததற்கு யாரும் வைக்கோல் போடக்கூடாது. வீட்டில் இன்னொருவர் தனக்குச் செய்ததற்குத்தான் போட வேண்டும். ராத்திரி ஜெபமாலை முடிந்ததும் ஆளுக்கு ஒன்று, எதற்கு என்று சொல்லிவிட்டு.

இந்த மாற்றம் பிள்ளைகளுக்காகச் செய்தது. ஆனால் ஒரு வருஷம் ஏதோ பேச்சில் அத்தையும் நானும் இரண்டு நாளாகச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அவர்கள் முறை வந்தது. கிண்ணத்திலிருந்து ஒரு வைக்கோலை எடுத்து, வளைந்திருந்ததை விரலால் நீவி நேராக்கி, முன்னணையில் வைத்தார்கள். "காலையில முழங்கால் வலின்னு சொல்லாமலே வெந்நி வச்சுத் தந்தா" என்றார்கள், என்னைப் பார்க்காமல். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அடுத்த வைக்கோல் நான் அவர்களுக்காகப் போட்டேன்.

நான்காம் ஞாயிறு சில வருஷம் டிசம்பர் 24ஆம் தேதியே வந்துவிடும். அந்த வருஷங்களில் கடைசி வாரம் என்று ஒன்று இருக்காது. காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

24 ராத்திரி

23ஆம் தேதி மலை, கொட்டகை, புல்தட்டு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிடுங்கள். தட்டின் விளிம்பை மணலால் மறையுங்கள். மாதாவும் சூசையப்பரும் இருக்கட்டும். முன்னணையில் வைக்கோல் மட்டும். நடுராத்திரித் திருப்பலி முடிந்து வந்ததும், வீட்டிலேயே சின்னப் பிள்ளை பாலன் இயேசுவை இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவந்து கிடத்தட்டும். மற்றவர்கள் பாடுங்கள்.

மூன்று ராஜாக்களை அன்றே வைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அவர்கள் ஃபிரிட்ஜ் மேலிருந்து கிளம்புவார்கள். தினம் ஒரு இடம் நகர்ந்து, ஜனவரி முதல் வாரம், ராஜாக்கள் பாலனைக் காண வந்ததைக் கொண்டாடும் திருக்காட்சி விழாவுக்குக் குடிலை வந்து சேர்வார்கள். அதற்குள் புல் உயர்ந்துவிடும், 28ஆம் தேதி வாக்கில் கத்தரிக்கோலால் ஒரு தடவை மட்டமாக வெட்டிவிடுங்கள்.

கலைக்கும்போது

சுரூபங்களைச் செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை ஒட்டும். பழைய வேட்டித் துணி நல்லது. மலையை மடக்காமல் பரண்மேல் வைத்தால் மூன்று வருஷம் வரும். பாலன் இயேசுவை மட்டும் முன்னணையோடு, அந்த வைக்கோலோடு, பெட்டியின் மேல்தட்டில் தனியாக வைத்து வெளியே எழுதிவிடுங்கள். ஒரு வருஷம் 24 ராத்திரி கோவிலுக்குக் கிளம்புகிற நேரத்தில் எல்லாத் துணியையும் பிரித்துத் தேடியிருக்கிறோம்.

புல்லைத் தெருமுனை ஆட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவோம். மகள்தான் தட்டை எடுத்துப் போவாள்.

இந்த வருஷம் செய்கிறவர்கள் புல் எப்படி வந்தது என்று எழுதுங்கள். முக்கியமாக வேர்த்தூவியைப் பார்த்துப் பயந்து கொட்டிவிடாமல் இருந்தீர்களா என்று சொல்லுங்கள்.