டீம் ப்ராஜெக்ட்டுக்கு மார்க் போடுறது எப்படி

சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசு பட்டறைக்கு நாலு ஸ்டூடன்ட்ஸ் சேந்து, சரக்கு இருப்பு கணக்கு பாக்க ஒரு ஸ்டாக் ஆப் பண்ணிட்டு வர்றாங்கன்னு வச்சுக்கோங்க, எல்லாருக்கும் ஒரே மார்க் போட்டா ராத்திரி முழிச்சு கோட் அடிச்ச புள்ளைக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

முதல் நாளே கிட் (Git, கோட்ல யார் எப்ப என்ன மாத்தினாங்கன்னு பதிஞ்சு வைக்கிற டூல்) கட்டாயம்னு சொல்லிடுங்க, எதுக்கு எவ்ளோ மார்க்னும் அப்பவே சொல்லிடணும். ஆனா கமிட் (கிட்ல மாத்தத்த சேமிக்கிற ஒவ்வொரு பதிவு) எண்ணிக்கைய மட்டும் நம்பாதீங்க, ஒரு ஸ்பேஸ் மாத்தி பத்து கமிட் போடுற கில்லாடிங்க இருக்காங்க, பட்டறைக்காரர்கிட்ட அலைஞ்சு விசாரிச்சுட்டு வந்தவன் உழைப்பு அதுல தெரியவே தெரியாது.

வைவா, அதாவது நேர்ல கேள்வி கேக்குற வாய்மொழித் தேர்வு தான் உண்மைய கக்க வைக்கும். தனித்தனியா கூப்பிட்டு "ஏம்பா, வெள்ளி எடைய கிராம்ல பாயின்ட் வச்சு சேமிக்காம மில்லிகிராம்ல முழு எண்ணா ஏன் வச்சிருக்கீங்க?"ன்னு கேளுங்க. எழுதின புள்ள "ஃப்ளோட்ல கூட்டினா பிசுறு வரும் சார்"னு பட்டுனு சொல்லும் (ஃப்ளோட்னா கம்ப்யூட்டர் பாயின்ட் வச்ச எண்ண சேமிக்கிற முறை, அதுல கூட்டுறப்ப பொடிப் பொடியா தப்பு சேரும்), சும்மா பேர் சேத்தவன் ஃபேனை பாப்பான்.

அப்புறம் பசங்களே ரகசியமா ஒருத்தருக்கொருத்தர் மார்க் போடட்டும். ஒருத்தனோட சராசரிய டீம் சராசரியால வகுத்தா அவன் ஃபேக்டர். டீம் மார்க் 80, ஃபேக்டர் 0.8ன்னா 64 ஆயிடும், அது கொஞ்சம் ஓவர், அதனால பாதிக்கு மட்டும் போடுங்க, 40 கூட 32, மொத்தம் 72. வைவாவோட ஒத்துப் பாக்காம யாருக்கும் குறைக்காதீங்க, மூணு பேர் கூட்டணி போட்டு ஒருத்தன கவுக்கிறதும் நடக்கும்.