கழுத்து உடையாத மம்பட்டி: பார்த்து வாங்கும் முறை

2021 நவம்பரில் டெல்டா முழுக்க மழை கொட்டித் தீர்த்ததே, அந்த வாரத்தில் ஒரு ராத்திரி. சம்பா நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. 11 மணிக்கு வாய்க்கால் வரப்பு உடைத்துக்கொண்டு தண்ணீர் எங்கள் வயலுக்குள் பாய்ந்தது. பக்கத்து வயல் அண்ணனும் நானும் மண்ணை வெட்டி உடைப்பில் போட்டுக்கொண்டிருந்தோம். இருபது வெட்டு இருக்கும், என் மம்பட்டியின் தகடு சேற்றில் பதிந்தபடியே நின்றுவிட்டது. காம்பும், காம்பு நுழையும் கண்ணும் மட்டும் கையோடு வந்தன. டார்ச் அடித்துப் பார்த்தால், கண்ணையும் தகட்டையும் சேர்த்திருந்த வெல்டிங் பிளந்திருக்கிறது. பிளந்த இடத்தில் பாதிக்குமேல் பழைய துரு. வாங்கிய நாளிலேயே அது பாதிதான் ஒட்டியிருந்திருக்கிறது. மேலே அழகாகப் பச்சை பெயின்ட்.

அண்ணன் ஒருவரே வெட்டிப் போட, நான் கையால் சேற்றை அள்ளிப் போட, உடைப்பை அடைப்பதற்குள் ஒரு மா, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு ஏக்கர், நடவு மண்ணுக்குள் போய்விட்டது. 200 ரூபாய் கொடுத்து வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத மம்பட்டி அது. அதற்குப் பிறகு மம்பட்டி வாங்குவதென்றால் எனக்கு அரை நாள் வேலை. எதைப் பார்க்கிறேன், ஏன் பார்க்கிறேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் உங்கள் மண் எது, வேலை எது என்று தெளிவாக இருங்கள். எங்கள் பக்கம் களிமண். வரப்பு அண்டை வெட்டுவது, மூலை கொத்துவது, மடை திறந்து அடைப்பது, வாழைக்கு மண் அணைப்பது, இவைதான் வேலை. இதற்குத் தகடு மெல்லியதாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கிலோ மண் தகட்டோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும். செம்புறை மண், சரளை மண் என்றால் அகலம் குறைந்த, கனத்த தகடு வேண்டும். அகலத் தகட்டை அங்கே போட்டால் மூலை மடங்கிவிடும். மணல், ஜல்லி அள்ளுவதற்கு மம்பட்டியே வேண்டாம், நல்ல ஷவல் வாங்குங்கள். வெட்டுவதற்குச் செய்ததை அள்ளுவதற்கும், அள்ளுவதற்குச் செய்ததை நெம்புவதற்கும் பயன்படுத்தித்தான் பாதிக் கருவிகள் வீணாகின்றன. நெம்புவதற்குக் கடப்பாரை இருக்கிறது.

அடுத்தது எடை. கனமாக இருந்தால் கெட்டியாக இருக்கும் என்று நினைப்பது தப்பு. நிமிடத்துக்கு பத்து வெட்டு என்று வையுங்கள், ஒரு மணி நேரத்துக்கு 600 வெட்டு. தேவையில்லாமல் கால் கிலோ கூடுதலாக இருந்தால், மணிக்கு 150 கிலோவைச் சும்மா தூக்கி இறக்குகிறீர்கள். சாயங்காலம் தோள்பட்டை அதைச் சொல்லும். என் மம்பட்டி காம்பு இல்லாமல் ஒன்றே முக்கால் கிலோ. என் மனைவியுடையது ஒன்றேகால் கிலோ, தகடும் சின்னது. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் பலர் வீட்டு ஆண்களின் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். அவரவர் உடம்புக்குத் தனி மம்பட்டி வாங்கிக் கொடுங்கள். அந்தக் காசு மருந்துக்கடைக்குப் போவதைவிட அது மேல்.

கழுத்தைப் பாருங்கள்

மம்பட்டியின் உயிர் கழுத்தில்தான் இருக்கிறது. காம்பு நுழையும் கண்ணும், மண்ணில் இறங்கும் தகடும் சேருகிற இடம் அது. ஒவ்வொரு வெட்டின் அதிர்ச்சியும் அங்கேதான் வந்து நிற்கும்.

மூன்று வகையில் செய்கிறார்கள். ஒரே இரும்பைக் காய்ச்சி அடித்துக் கண்ணும் தகடுமாக ஆக்குவது ஒன்று. தகட்டைத் தனியாக வெட்டிக் கண்ணோடு ஆணி அடித்து இறுக்குவது இன்னொன்று. தகட்டில் வளையத்தை வைத்து வெல்டிங் வைப்பது மூன்றாவது. முதல் வகையைத்தான் வாங்க வேண்டும். ஆணி அடித்தது ஆட ஆரம்பித்தால் திரும்ப அடித்துக்கொள்ளலாம், நடுவயலில் திடீரென்று கைவிடாது. வெல்டிங் வைத்ததில் நல்ல வேலையும் உண்டு, மோசமான வேலையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிவது சிரமம். ஆகவே நான் தொடுவதில்லை.

கடையில் எல்லாமே பெயின்ட் பூசித்தான் இருக்கும். கழுத்துப் பக்கம் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெல்டிங் என்றால் மேடு பள்ளமாகப் புழு ஊர்ந்தது போலத் தெரியும். சிலர் அதையும் கிரைண்டரால் தேய்த்து மட்டமாக்கியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்கக் கண்ணுக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். உள்பக்கத்தை யாரும் தேய்ப்பதில்லை. சுரண்டவே கூடாது என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் சத்தம். கண்ணில் ஒரு கயிற்றை விட்டு மம்பட்டியைத் தொங்கவிட்டு, ஒரு போல்ட்டால் தகட்டின் நடுவில் தட்டுங்கள். ஒரே இரும்பில் அடித்தது மணி போல இழுத்து ஒலிக்கும். விரிசல் இருந்தாலும், இணைப்பு சரியாக ஒட்டாமல் இருந்தாலும், ஓட்டைப் பானையைத் தட்டியது போல ‘டொக்’ என்று நின்றுவிடும். ஒன்றை மட்டும் தட்டினால் புரியாது. நான்கைந்தை வரிசையாகத் தட்டுங்கள், காது தானாகப் பிரித்துவிடும். பானை வாங்கும்போது நம் அம்மாக்கள் செய்தது இதைத்தான்.

தகட்டின் கனத்தையும் விரலால் பிடித்துப் பாருங்கள். அடித்துச் செய்ததில் கழுத்துப் பக்கம் கனமாகத் தொடங்கி, மண்ணை வெட்டுகிற வாய்ப்பக்கம் வரவர மெலிந்துகொண்டே போகும். தகட்டுத் துண்டை வெட்டிச் செய்ததில் மேலும் கீழும் ஒரே கனம்தான். அதன் வாயைத் தேய்த்துக் கூராக்கியிருப்பார்கள். பத்து நாளில் கூர் போனதும் மண்ணை வெட்டாது, இடிக்கும். கடைசியாக, வாயைச் சிமெண்ட் தரையில் வையுங்கள். இரண்டு மூலையும் ஒன்றாகத் தரையைத் தொட வேண்டும். ஒரு மூலை தூக்கி நின்றால் மம்பட்டி கோணல். அது ஒவ்வொரு வெட்டிலும் மணிக்கட்டைத் திருப்பும்.

கடைச்சரக்கில் டாடா ஸ்டீலின் அக்ரிகோ மார்க் போட்டதை நான் வைத்திருக்கிறேன், ஐந்து போகம் தாண்டி உழைக்கிறது. மார்க் எதுவானாலும் சரி, மேலே சொன்னதையெல்லாம் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். போனில் படம் பார்த்து ஆர்டர் போடுவதில் எனக்கு இஷ்டமில்லை. படத்தில் கழுத்தைத் தட்டிப் பார்க்க முடியாது. வேறு வழியில்லை என்றால், எடை, தகட்டின் கனம், கண்ணின் அளவு மூன்றும் எழுதியிருக்கிறதா, திருப்பி அனுப்ப முடியுமா என்றாவது பாருங்கள்.

கொல்லர் பட்டறைக்குப் போங்கள்

இன்னும் உலை எரிகிற பட்டறை உங்கள் பக்கத்தில் இருந்தால், கடையை விட்டுவிட்டு அங்கே போங்கள். அரிவாள் என்றால் திருப்பாச்சேத்தி என்று ஊர்ப்பெயர் சொல்லலாம். மம்பட்டிக்கு அப்படி ஊர் தேட வேண்டியதில்லை. உங்கள் மண்ணை வெட்டிய மம்பட்டிகளை வருஷக்கணக்காகச் சரிசெய்து கொடுத்தவரைவிட உங்களுக்கு ஏற்றதை அடித்துக் கொடுக்க யாரும் இல்லை. வடக்கிலிருந்து குடும்பத்தோடு வந்து சாலையோரம் உலை போட்டு அடிக்கிறவர்களிடமும் நல்ல வேலை பார்த்திருக்கிறேன். பெண்களே சம்மட்டி அடிப்பார்கள். வாங்குமுன் நின்று பார்த்து வாங்குங்கள்.

இரும்பு எது என்று கேளுங்கள். லாரியின் ஸ்பிரிங் பட்டை நல்ல சரக்கு. அது கரிச்சத்து உள்ள எஃகு, பதம் பிடிக்கும். கட்டடக் கம்பி, சாதாரணத் தகடு எல்லாம் மென்மையான இரும்பு, எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் விட்டாலும் கூர் நிற்காது.

பதம் என்றேன் அல்லவா, அதை ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்த மழைக்குப் பிறகு எனக்கு மம்பட்டி அடித்துக் கொடுத்த பெரியவர், வாயை மட்டும் உலையில் காய்ச்சி, கோவைப்பழச் சிவப்பு வந்ததும் இரண்டு விரல் அளவு மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்தார். உடனே ஒரு செங்கல் துண்டால் வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். மேலே இருந்த சூடு மெல்லக் கீழே இறங்க இறங்க, அந்தப் பளபளப்பின் மேல் நிறம் ஓடியது. முதலில் வைக்கோல் மஞ்சள். முடிந்ததா என்று கேட்டேன். “அவசரப்படாத தம்பி. இதுல நிறுத்துனா கல்லுல பட்டதும் பல்லு விழும்” என்றார். மஞ்சள் கறுத்துச் செம்மண் நிறமாகி, கத்தரிப்பூ நிறம் வந்து வாயைத் தொட்ட நொடியில் முழுவதையும் தண்ணீரில் போட்டார். மஞ்சளில் நிறுத்தினால் கூர் அதிகம், ஆனால் நொறுங்கும். நீலம் தாண்டிப் போனால் மென்மையாகிவிடும். இடையில் இருக்கிற கத்தரிப்பூ நிறம்தான் மம்பட்டிக்கு. இரும்பும் கூலியும் சேர்த்து 700 ரூபாய் வாங்கினார். வாய் இதுவரை மடங்கவும் இல்லை, பல் விழவும் இல்லை.

கடையில் வாங்குகிறவர்கள் பதத்தைப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. பையில் ஒரு சின்ன அரம் கொண்டுபோங்கள். வாயின் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுங்கள். சோப்பைச் சீவுவது போல இறங்கினால் மென்மை. கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கினால் ரொம்பக் கடினம், ஒடியும். கொஞ்சம் எதிர்த்து, பிறகு பிடித்தால் அதை எடுங்கள்.

இந்தப் பதத்தைக் கெடுப்பது எது தெரியுமா? கிரைண்டர்தான். சாணை போடச் சோம்பல்பட்டு கிரைண்டரில் வைத்து அழுத்தினால் வாய் சூடேறி நீலம் ஓடும். பெரியவர் பார்த்துப் பார்த்து நிறுத்திய பதம் அரை நிமிடத்தில் போய்விடும். வாரம் ஒரு முறை கை அரத்தால் தேய்த்தாலே போதும். வருஷத்துக்கு ஒரு தடவை, வழக்கமாக ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கிற நேரத்துக்கு முன்னால், பட்டறையில் கொடுத்து வாயைத் தட்டி வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் வந்தபிறகு போனால் பட்டறையில் கூட்டம் நிற்கும்.

காம்பு

கடையில் காம்போடு சேர்த்து விற்பார்கள். பெரும்பாலும் அந்தக் காம்பை நம்ப வேண்டாம். பலகையிலிருந்து அறுத்துக் கடைந்து வார்னிஷ் பூசியது அது. மரத்தின் நார் நுனியிலிருந்து அடிவரை நேராக ஓட வேண்டும். பாதி வழியில் நார் பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் ஒடியும். தனியாக ஒரு காம்பு பாருங்கள். கருவேலம் முதல்தரம். உசிலை, விடத்தலை கிடைத்தாலும் விட வேண்டாம். மதுரைப் பக்கம் போனால் கணை என்று கேட்க வேண்டும், காம்பு என்றால் வேறு எதையாவது காட்டுவார்கள். கணு இல்லாத, வண்டு துளைக்காத கட்டையாக எடுத்து, நிழலில் இரண்டு மூன்று மாதம் காயவிட்டுச் செதுக்குங்கள். பச்சையாக மாட்டினால் காய்ந்து சுருங்கிக் கழன்றுவிடும்.

ஒரு முனை பெருத்து மற்ற முனை சிறுத்து இருக்கும்படி செதுக்கி, சிறுத்த முனையைக் கண்ணுக்குள் விட்டு, பெருத்த முனையில் கண் இறுகும்வரை தட்டி ஏற்றுங்கள். அப்படி மாட்டினால் வீச வீச இறுகும், தலை பறக்காது. இடைவெளி இருந்தால் அதே மரத்தில் சீவிய ஆப்பு வையுங்கள். சைக்கிள் டியூப் சுற்றி அடைப்பது ஒரு நாள் வேலைக்குச் சரி, அதற்குமேல் ஆகாது.

காம்பு ஆடினால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவது நம் வழக்கம். நானும் செய்துகொண்டிருந்தேன், விட்டுவிட்டேன். ஊறிய மரம் கண்ணுக்குள் உப்பி, இரும்போடு நெரிந்து நசுங்குகிறது. காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடுகிறது. அதற்குப் பதில் வேப்பெண்ணெயோ புங்கெண்ணெயோ தடவி ஊறவிடுங்கள். உடைந்த கண்ணாடிச் சில்லால் கைபிடிக்கிற இடத்தைச் சுரண்டி வழவழப்பாக்கி எண்ணெய் தேய்த்தால் வார்னிஷ் தேவையே இல்லை. உள்ளங்கை கொப்பளிக்காது.

நீளத்துக்கு ஒரே அளவு கிடையாது. நிமிர்ந்து நின்று காம்பைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்; நுனி இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் கீழே வந்தால் எனக்குச் சரியாக இருக்கிறது. என் உயரம் ஐந்தரை அடி, காம்பு இரண்டே முக்கால் அடி. அப்பா காலத்துக் காம்பு இரண்டு அடிதான் இருந்தது, குனிந்து குனிந்து அவருக்கு முதுகு வளைந்தே போயிற்று. முதுகுவலி இருக்கிறவர்கள் மூன்று நான்கு அங்குலம் கூட்டி மாட்டிப் பாருங்கள். வெட்டின் விசை கொஞ்சம் மாறும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

வேலை முடிந்ததும் மம்பட்டியை வாய்க்காலில் கழுவி, கொட்டாங்கச்சியால் ஒட்டிய மண்ணைச் சுரண்டி, துடைத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். உரம் கலந்த மண் ஒட்டியிருந்தால் ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும். போகம் முடிந்து ஓய்வில் வைக்கும்போது தகட்டில் எண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்தால் மறுநாள் அதையும் துடைத்துவிட வேண்டும், அந்த ஈரத்திலேயே புள்ளி புள்ளியாகத் துரு வந்துவிடுகிறது.

தேய்ந்துபோன பழைய மம்பட்டியை எடைக்குப் போடாதீர்கள். அப்பாவின் மம்பட்டி தேய்ந்து தேய்ந்து ஒன்பது அங்குலத் தகடு ஐந்து அங்குலமாகிவிட்டது. கழுத்தில் ஒரு கீறல் இல்லை. பெரியவரிடம் கொடுத்து மூலைகளைத் தட்டி, சின்னக் காம்பு போட்டு வாங்கினேன். இப்போது கொல்லையில் வாழைக்கன்றுக்கு மண் அணைக்கவும் களை கொத்தவும் என் மனைவி அதைத்தான் எடுக்கிறாள்.