மரக்கன்றுக்குக் கம்பு கட்டுவதில் நாம் செய்யும் தவறுகள்

கன்றை நட்டு, பக்கத்தில் ஒரு கம்பைச் செருகி, கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டால்தான் வேலை முடிந்த மாதிரி நம்மில் பலருக்குத் தோன்றுகிறது. ஆனால் எல்லாக் கன்றுக்கும் கம்பு தேவையில்லை. இரண்டு மூன்று அடி உயரத்தில் தண்டு தடித்து வந்திருக்கும் வேம்போ புங்கனோ தானாகவே நின்றுகொள்ளும். சந்தேகமாக இருந்தால், நட்டுத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். தண்டு மட்டும் வளைந்து திரும்பினால் அப்படியே விட்டுவிடலாம். அடிமண்ணும் சேர்ந்து அசைந்து, தண்டைச் சுற்றி வெடிப்பு விழுந்தால் கம்பு வேண்டும்.

ஏனென்றால் கம்பு வைப்பது வேருக்காக. பையோடு வந்த தாய்மண்ணிலிருந்து புது வேர்கள் பொடிப்பொடியாக வெளிமண்ணுக்குள் நுழைகிற சமயத்தில், காற்றில் அந்த மண்கட்டி ஆடினால் அவை அறுந்துகொண்டே இருக்கும். அடியில் அந்த ஆட்டத்தை நிறுத்தினால் போதும், மேலே தண்டு ஆடத்தான் வேண்டும். காற்றில் ஆடி ஆடித்தான் மரம் அடித்தண்டைத் தடிக்க வைக்கிறது. உச்சி வரை மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டினால் அது ஒல்லியாக உயரத்துக்கு மட்டும் ஓடும், அப்புறம் ஒரு நாள் கட்டை அவிழ்த்ததும் சாய்ந்து தரையைத் தொடும். வாழைக்கு முட்டுக் கொடுத்துப் பழகிய கை நமக்கு, அதனால்தான் இப்படிக் கட்டுகிறோம் என்று நினைக்கிறேன். வாழைக்குத் தார் வெட்டும் வரை முட்டு வேண்டும், மரத்துக்கு அப்படி இல்லை.

சரி, எவ்வளவு உயரத்தில் கட்டுவது? இரண்டு விரலால் தண்டைப் பிடித்து அடியிலிருந்து மேலே நகர்த்திக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் பிடித்தால் கன்று நேராக நிற்கிறதோ அதற்கு அரை அடி மேலே ஒரே ஒரு கட்டு. கம்பும் அந்த உயரத்தோடு முடியட்டும், மேலே நீட்டிக்கொண்டிருந்தால் கிளையை உரசும்.

நர்சரியில் தண்டோடு ஒட்டிக் கட்டி அனுப்பும் மூங்கில் குச்சியை அப்படியே விட்டுவிடுவது இன்னொரு தவறு. அது வண்டியில் வரும்போது கன்று வளையாமலிருக்க வைத்தது. நட்ட அன்றே அவிழ்த்துவிடுங்கள்.

கம்பைத் தாய்மண்ணுக்குள் குத்தி இறக்காதீர்கள், வேர் கிழியும். கம்பு வேண்டும் என்று முன்பே தெரிந்தால், குழி திறந்திருக்கும்போதே, கடப்பாரையால் துளை போட்டு, தாய்மண் வரும் இடத்துக்கு வெளியே கெட்டி மண்ணில் ஒன்றரை இரண்டு அடி இறக்கிவிட்டு, அதன் பிறகு கன்றை வையுங்கள். மறுநாள் ஆட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்றால், அதே மாதிரி தாய்மண்ணுக்கு வெளியே தள்ளி இறக்குங்கள். கரிசல் மண் நனைந்தால் இளகிவிடும் என்பதால் அங்கே இன்னும் ஆழம் வேண்டும். ஒரே கம்பு என்றால் காற்று வரும் பக்கம் நடுங்கள். கோவை, பொள்ளாச்சிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும், அதனால் கம்பு மேற்கே இருக்கட்டும். அப்போது காற்று கன்றைக் கம்பிலிருந்து விலக்கித் தள்ளும், பட்டை உரசாது. சாலையோரம் போல இரண்டு பக்கமும் காற்று வாங்கும் இடத்தில் இருபுறமும் இரண்டு கம்பு நல்லது.

கம்புக்குக் காய்ந்த சவுக்கோ மூங்கிலோ போதும். வேலியில் வெட்டிய பச்சைப் பூவரசு, கிளுவை, முருங்கைப் போத்துகளை ஊன்றினால் மழை விழுந்ததும் துளிர்த்து, கன்றுக்குப் போகவேண்டிய தண்ணீரை அவையே குடிக்கும். செம்மண் பக்கம் கறையான் ஏறுகிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள்.

எனக்கு மிகவும் வயிறெரிவது கட்டுக்கம்பியைப் பார்க்கும்போதுதான். சாலையோர மரங்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள்: கம்பி வெளியே தெரியாது, பட்டை அதை விழுங்கியிருக்கும், அதற்கு மேலே தண்டு உதடு போலப் புடைத்தும் கீழே மெலிந்தும் இருக்கும். இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அந்த வழியை நெரித்ததால் வந்த புடைப்பு அது. அந்த மரம் பலமான காற்றில் சரியாக அந்த இடத்தில் ஒடியும். நைலான் கயிறும் இதையேதான் செய்யும். பழைய சைக்கிள் ட்யூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பழைய பருத்திப் புடவைக் கிழிசல். தண்டையும் கம்பையும் எட்டு வடிவத்தில் சுற்றி, நடுவில் குறுக்கிட விட்டு, முடிச்சைக் கம்பின் மேல் போடுங்கள். தண்டுப் பக்கம் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு இருக்கட்டும். இரும்புக் கூண்டு ஆடுமாடுக்காக, அதோடு கன்றைச் சேர்த்துக் கட்ட வேண்டாம்.

கம்பு வேண்டாம் என்று கன்றை ஆழமாகப் புதைத்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அது இதைவிட மோசம், வேரும் தண்டும் சேரும் கழுத்துக்கு மேல் மண் ஏறினால் பட்டை ஈரத்தில் அழுகும்.

கட்டுகிறவர்கள் நிறையப் பேர், அவிழ்க்க வருகிறவர்கள்தான் குறைவு. மழைக்கு முன் நட்டிருந்தால் மழை முடிந்ததும் ஒருமுறை கட்டை அவிழ்த்து ஆட்டிப் பாருங்கள், அடிமண் அசையாவிட்டால் கம்பைப் பிடுங்கிவிடலாம். எப்படியும் ஒரு வருடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வருடம் கழித்தும் நிற்க மாட்டேன் என்றால் பெரும்பாலும் பைக்குள்ளேயே வேர் சுருண்டிருந்த கன்றாக இருக்கும், எத்தனை கம்பு வைத்தாலும் அது தேறாது. அடுத்த முறை பையைக் கிழித்ததும் வட்டமாகச் சுற்றியிருக்கும் வேர்களைக் கத்தியால் வெட்டிவிட்டு நடுங்கள்.