துபாய் ஆஃபர் கைக்கு வந்துவிட்டதா? பேசிக் எவ்வளவு என்று முதலில் பாருங்கள்

ஆஃபர் லெட்டர் வந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது "மாசம் எவ்வளவு வருது?" என்பதைத்தான். நாமும் மொத்தத் தொகையை ரூபாயில் பெருக்கிச் சொல்லிவிட்டு, அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம். அமீரகத்துக்கு வேலைக்கு வருகிற தம்பி தங்கைகள் அந்தக் கையெழுத்துக்கு முன்னால் ஒரே ஒரு நாள் பொறுக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நடைமுறையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைக் கம்பெனியின் பி.ஆர்.ஓ. (அரசு அலுவலக வேலைகளைக் கவனிக்கிறவர்) பார்த்துக்கொள்வார். முதலில் மனிதவள அமைச்சகத்தின் படிவத்தில் ஆஃபர் வரும் (இங்கே எல்லோரும் மொஹ்ரே என்பார்கள்). அதில் நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு பெர்மிட், விசா. வந்து இறங்கியதும் மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடிக்குக் கைரேகை, லேபர் காண்ட்ராக்ட். ஆஃபரில் இருப்பதைவிடக் குறைத்துக் காண்ட்ராக்ட் போடக் கூடாது. விசா செலவும் ஆள் எடுக்கும் செலவும் கம்பெனியுடையது, அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. அரபி, ஆங்கிலத்தோடு தமிழிலும் அந்தப் படிவம் உண்டு. கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படிவத்தில் சம்பளம் பிரித்துப் போடப்பட்டிருக்கும்: பேசிக், வீட்டு அலவன்ஸ், போக்குவரத்து அலவன்ஸ், இதர அலவன்ஸ். ஊரில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பேசிக் கூடினால் பி.எஃப். பிடித்தம் கூடும், கையில் வருவது குறையும் என்ற பழக்கத்தில், பேசிக் குறைவாக இருப்பதே நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே நமக்கு பி.எஃப். கிடையாது, வருமான வரியும் கிடையாது. பேசிக் குறைவதால் உங்களுக்கு ஒரு திர்ஹாம்கூட லாபமில்லை. நஷ்டம் மட்டும் வரிசையாக உண்டு.

வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி பேசிக் மேல்தான். எடுக்காத லீவுக்குக் கடைசியில் தரும் பணம் பேசிக் மேல். ஓவர்டைம் பேசிக் மேல் 25 சதவீதம் கூட்டி, இரவு 10 மணிக்கும் காலை 4 மணிக்கும் இடையில் என்றால் 50 சதவீதம் கூட்டி. 2023 முதல் எல்லோரும் கட்டாயமாகச் சேரும் வேலையிழப்புக் காப்பீட்டிலும், வேலை போனால் மூன்று மாதம் வரை கிடைப்பது கடைசி ஆறு மாத பேசிக்கின் சராசரியில் 60 சதவீதம். அதாவது உங்களுக்கு நெருக்கடி வரும் நேரத்தில் கைகொடுக்கிற பணம் எல்லாமே படிவத்தில் பேசிக் என்று போட்டிருக்கும் அந்த முதல் வரியில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரி மொத்தத்தில் எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று அமீரகத்தின் பொதுவான தொழிலாளர் சட்டம் சொல்லவில்லை. கம்பெனி போட்டதுதான் கணக்கு.

துபாய் தேரா பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணன் ஒருவர், திருநெல்வேலிப் பக்கம், ஒரு காண்ட்ராக்டிங் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பில் இருந்தார். சேரும்போது மொத்தம் 6,000 திர்ஹாம், அதில் பேசிக் 3,000. பாதிக்குப் பாதி, குறை சொல்ல ஒன்றுமில்லை. உழைப்பாளி. சரக்கு எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரைப் பார்க்காமல் சொல்லக்கூடியவர். அதனால் இன்கிரிமென்ட் ஒழுங்காக வந்தது. ஒவ்வொரு தடவையும் லெட்டரைக் கொண்டுவந்து அறையில் காட்டுவார், நாங்கள் சந்தோஷப்படுவோம். ஒன்பது வருஷத்தில் மொத்தம் 12,000 ஆனது.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், இனி ஊர்தான் என்று முடிவு செய்து ராஜினாமா கொடுத்தார். செட்டில்மென்ட் கணக்கு வந்த அன்றுதான் தெரிந்தது, வந்த உயர்வு அத்தனையும் இதர அலவன்ஸில் போய் உட்கார்ந்திருக்கிறது. பேசிக் அதே 3,000.

கிராஜுவிட்டி கணக்கைப் பாருங்கள். முதல் ஐந்து வருஷத்தில் ஒவ்வொரு வருஷத்துக்கும் 21 நாள் பேசிக், அதற்கு மேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள் பேசிக். எல்லாமே கடைசியாக வாங்கிய பேசிக்கில். 3,000-ஐ 30-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்கினால் 2,100. ஐந்து வருஷத்துக்கு 10,500. மீதி நான்கு வருஷத்துக்கு 12,000. ஆக 22,500 திர்ஹாம். சேர்ந்தபோது இருந்த அதே பாதிக்குப் பாதி தொடர்ந்திருந்தால் பேசிக் 6,000, கிராஜுவிட்டி 45,000. சரிபாதி போய்விட்டது. அதுவும் கடைசிப் பேசிக்கில் கணக்கிடுவதால், நடுவில் ஒரே ஒரு இன்கிரிமென்ட் லெட்டரை நிறுத்திப் பேசியிருந்தாலும் பழைய வருஷங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து உயர்ந்திருக்கும்.

புகார் கொடுக்கலாமா என்று விசாரித்தோம். எதை வைத்துக் கொடுப்பது? காண்ட்ராக்டில் 3,000, ஒவ்வொரு திருத்தத்திலும் 3,000, கீழே அவர் கையெழுத்து. கம்பெனி சட்டப்படி ஒரு தப்பும் செய்யவில்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் ஆத்திரம்தான். அவ்வளவு உழைத்தவரிடம், "இந்த உயர்வு பேசிக்கில் சேராது" என்று ஒரு வார்த்தை சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை.

அதனால் புதிதாக வருகிறவர்கள் இப்படிக் கேளுங்கள். மொத்தத்தைக் கூட்டச் சொல்லிப் பேசி முடித்த பிறகு, "மொத்தம் இதுவே இருக்கட்டும் சார், இதில் பேசிக்கை 60 சதவீதமாக வைத்துத் தர முடியுமா?" என்று மெயிலில் எழுதுங்கள். மாதாமாதம் கம்பெனி கையைவிட்டுப் போகும் பணம் மாறாது என்பதால், மொத்தத்தை 500 கூட்டச் சொல்வதைவிட இதற்குச் சம்மதம் கிடைப்பது எளிது. "கம்பெனி பாலிசி 40 சதவீதம்தான்" என்பார்கள். சரி, விடாதீர்கள். "அப்படியென்றால் இனி வரும் இன்கிரிமென்ட் எல்லாம் அதே விகிதத்தில் பேசிக்கிலும் சேரும் என்று ஆஃபரில் ஒரு வரி சேர்த்துத் தாருங்கள்" என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் அந்த ஒரு வரிதான் 40-ஆ 60-ஆ என்பதைவிடப் பெரியது. மரியாதையாகக் கேட்டதற்காக ஆஃபரை வாபஸ் வாங்குகிற கம்பெனியில் சேராமல் இருப்பதே நல்லது.

நம் பிள்ளைகளுக்குக் கேட்கவே கூச்சம். வேலை கிடைத்ததே பெரிசு, இதில் பேரம் வேறா என்று வளர்த்துவிட்டார்கள். பக்கத்து மேசையில் வேறு நாட்டுக்காரர் அதே வேலைக்கு நிதானமாக மூன்று மெயில் எழுதி வாங்கிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். ஊரில் இப்போது என்ன சம்பளம் என்று எச்.ஆர். கேட்டால், அதன்மேல் இத்தனை சதவீதம் என்று போகவிடாதீர்கள். துபாயில் இந்த வேலைக்கு என்ன தருகிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, திர்ஹாமிலேயே பேசுங்கள். வாடகை, பஸ், சாப்பாடு எல்லாம் திர்ஹாமில்தான் போகப்போகிறது.

ஏற்கனவே வேலையில் இருப்பவர்கள் இன்கிரிமென்ட் லெட்டர் வந்ததும் நன்றி சொல்வதற்கு முன்னால் எந்த வரியில் கூட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அலவன்ஸில் என்றால் அன்றே கேளுங்கள். வேறு கம்பெனி ஆஃபர் கையில் இருக்கும்போது மேனேஜர் கூப்பிட்டு "போகாதே, கூட்டித் தருகிறேன்" என்பார் அல்லவா, அதுதான் பேசிக்கைத் திருத்தச் சரியான நேரம். வாய்வார்த்தை வேண்டாம். அமைச்சகத்தில் பதிவான காண்ட்ராக்டில் மாற வேண்டும், அதை மொஹ்ரே ஆப்பிலேயே நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வருஷம், இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்று உறுதியாக இருப்பவர்கள் இதற்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அவர்களுக்கு மொத்தம்தான் முக்கியம். ஆனால் அப்படிச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். பொங்கலுக்குப் போகலாம், தங்கச்சி கல்யாணத்தோடு போய்விடலாம் என்று வருஷங்கள் ஓடிவிடும்.

பழைய ஆட்கள் சிலர், ஐந்து வருஷம் முடியாமல் நீயாக விட்டால் கிராஜுவிட்டியில் வெட்டுவார்கள் என்று பயமுறுத்துவார்கள். அது பழைய சட்டம். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் ஒரு வருஷம் முடித்திருந்தாலே போதும், ராஜினாமா செய்தாலும் வெட்டு இல்லை. சம்பளமில்லா லீவு நாட்கள் மட்டும் கணக்கில் சேராது.

கேட்க வேண்டிய இன்னும் சில உண்டு. வருஷா வருஷம் ஊருக்கு டிக்கெட் தரச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, வேண்டுமென்றால் காண்ட்ராக்டில் எழுதி வாங்குங்கள். துபாயில் உங்கள் மருத்துவக் காப்பீடு கம்பெனி பொறுப்பு, மனைவி பிள்ளைகளுடையது உங்கள் பொறுப்பு. குடும்பத்துக்கும் சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். குடும்பத்தைக் கூட்டிவர 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000-மும் தங்குமிடமும் இருக்க வேண்டும். வீட்டு வாடகையை இங்கே சில செக்குகளாக முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் வீட்டு அலவன்ஸில் சில மாதத் தொகையை முன்பணமாகத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குபவர்கள் நிறைய.

டி.ஐ.எஃப்.சி.யில் (துபாய் சர்வதேச நிதி மையம்) வேலை என்றால் கதை வேறு. அங்கே தனிச் சட்டம். பேசிக் குறைந்தது பாதியாவது இருக்க வேண்டும், கிராஜுவிட்டிக்குப் பதில் மாதாமாதம் பேசிக்கில் 5.83 சதவீதம், ஐந்து வருஷத்துக்கு மேல் 8.33 சதவீதம் கம்பெனி உங்கள் பெயரில் கட்டும். அங்கேயும் பாதிக்கு மேல் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

வேலையை விடும்போது செட்டில்மென்ட் 14 நாளுக்குள் வந்துவிட வேண்டும். அதற்குள் ஆஃபர், காண்ட்ராக்ட், ஒவ்வொரு இன்கிரிமென்ட் லெட்டர், எல்லாவற்றின் நகலும் உங்கள் சொந்த மெயிலில் இருக்கட்டும். கடைசி நாளில் கம்பெனி மெயிலை மூடிவிடுவார்கள்.