இரட்டைக் கண்ணாடி ஜன்னல்: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

வீடு கட்டும்போதோ பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போதோ இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடலாம் என்று ஆசைப்பட்டு, முதல் கொட்டேஷனைப் பார்த்ததும் நமக்கு இது கட்டுப்படியாகாது என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. அவசரப்பட்டு விடாதீர்கள். அந்தத் தொகையில் நல்லதொரு பங்கு, ஜன்னலை நாம் திட்டமிட்ட விதத்தால் ஏறியதுதான். அதைக் குறைத்தால் தரம் துளியும் குறையாது. ஆனால் விலையைக் குறைத்துக் கேட்டதும் சிலர் சத்தமில்லாமல் கை வைக்கும் இடம் வேறு, அது கண்ணாடியின் விளிம்பு. அங்கே மிச்சம் பிடித்தால் போட்ட காசு மொத்தமும் வீண்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் போட்ட ஐந்து ஜன்னலில் ஒன்று, இரண்டாவது வருடமே மங்கத் தொடங்கியது. உள்ளே துடைத்தேன், போகவில்லை. வெளியே ஏணி போட்டுத் துடைத்தேன், அப்போதும் போகவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே, கீழ் மூலையில், கடுகு கடுகாக நீர்த்துளி. கண்ணாடியை ஓரத்தில் பிடித்திருக்கும் பீடிங் பட்டையைக் கழற்றியபோது தெரிந்தது, அந்த மூலையில் இரண்டு விரல் அகலத்துக்குக் கருப்புப் பிசின் பூசவே இல்லை. மற்ற நான்கும் இன்றுவரை பளிச்சென்று இருக்கின்றன. மங்கியதை மட்டும் கண்ணாடியோடு மாற்ற வேண்டியதாயிற்று, ஏனென்றால் உள்ளே ஈரம் புகுந்த யூனிட்டை உருப்படியாகச் சரிசெய்ய வழி கிடையாது.

யூனிட் என்று சொல்வது இரண்டு கண்ணாடியும் நடுவில் உள்ள அடைபட்ட இடைவெளியும் சேர்ந்த ஒரே பொருளை. விளிம்பைச் சுற்றி ஸ்பேசர் என்கிற குழாய்ப் பட்டை ஓடும், அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் சின்னச் சின்ன மணிகள் இருக்கும். பட்டையின் இரண்டு பக்கமும் பியூட்டைல் என்கிற ஒட்டும் பிசின், அதற்கு வெளியே பாலிசல்ஃபைடோ சிலிகானோ இரண்டாவது பூச்சு. அமெரிக்காவில் ஸ்டெட்சன் என்பவர் இரட்டைக் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கியது 1865-இல். அன்றிலிருந்து இன்றுவரை கண்ணாடியை விட அதன் விளிம்பை அடைப்பதுதான் பெரிய வேலை. வாங்கும்போது இந்த இரண்டு அடுக்கும் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். ஒரே அடுக்கு சிலிகானில் ஒட்டித் தருபவர்களும் உண்டு, விலை குறைவாகத்தான் இருக்கும், வேண்டாம்.

சரி, இப்போது எண்களுக்கு வருவோம். வெப்பம் எவ்வளவு எளிதாகக் கடந்து போகிறது என்பதை யூ-வேல்யூ என்ற அளவில் சொல்வார்கள், குறைய குறைய நல்லது. ஒற்றைக் கண்ணாடிக்கு இது சுமார் 5.7. நடுவில் 12 மி.மீ. காற்று வைத்த சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு சுமார் 2.8, அதாவது பாதி. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சான லோ-ஈயும் 16 மி.மீ. இடைவெளியில் ஆர்கான் வாயுவும் சேர்ந்தால் 1.2 வரை இறங்கும். விலை குறைந்த யூனிட்டுகளில் இடைவெளி 6 மி.மீ. தான் இருக்கும், அது 3-க்குக் கீழே வராது, இரண்டு கண்ணாடிக்குக் காசு கொடுத்து ஒன்றரைக் கண்ணாடியின் பலன் வாங்குவது போலத்தான். அதே நேரம் இடைவெளி பெரிதானால் பலனும் ஏறிக்கொண்டே போகும் என்று நினைக்காதீர்கள், 16, 18-ஐத் தாண்டினால் உள்ளே இருக்கும் காற்றே சுழன்று வெப்பத்தைக் கடத்த ஆரம்பித்துவிடும். ஆர்கானுக்கும் லோ-ஈக்கும் நடுவில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு லோ-ஈ. பூச்சு இல்லாத கண்ணாடியில் ஆர்கான் நிரப்பி வரும் லாபம் சொற்பம்.

வெயில் கொளுத்தும் ஊரில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். யூ-வேல்யூ நன்றாக இருந்தாலும் நேர் வெயில் தெளிந்த கண்ணாடி வழியாக உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். சாதாரண இரட்டைக் கண்ணாடி விழுகிற வெயில் வெப்பத்தில் பத்தில் ஏழு பங்கை உள்ளே விட்டுவிடும். இப்படி உள்ளே வரும் பங்குக்கான அளவு எஸ்.எச்.ஜி.சி., வெயிலைத் தடுக்கும் வகைப் பூச்சில் இது 0.3 பக்கம் வரும். வெயில்தான் பிரச்சினை என்றால் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் மேற்கு ஜன்னலுக்கு வெளியே நல்ல சன்ஷேடோ வெளித்திரையோ போடுங்கள், பல சமயம் அது கண்ணாடியை விட மலிவு, பலனும் கூடுதல். குளிர் ஊரில் இது தலைகீழ், அங்கே பகல் வெயில் உள்ளே வருவது லாபம்.

செலவைக் குறைக்கும் முதல் வழி, எல்லா ஜன்னலுக்கும் இரட்டைக் கண்ணாடி போடாமல் இருப்பதுதான். ஏ.சி.யோ ஹீட்டரோ ஓடும் அறைகள், சாலைப் பக்கம் இருக்கும் படுக்கையறை, நாள் முழுக்க வெயிலோ குளிர்காற்றோ அடிக்கும் சுவர், இவற்றுக்குப் போடுங்கள். எந்நேரமும் திறந்தே கிடக்கும் சமையலறை ஜன்னலுக்கும், ஸ்டோர் ரூமுக்கும், மாடிப்படி ஓரத்துக்கும் போட்டு என்ன ஆகப்போகிறது? கடுங்குளிர் ஊராக இருந்தால் மட்டும் இது பொருந்தாது, அங்கே விட்ட ஜன்னலில்தான் ஈரம் போய்ப் படியும்.

இரண்டாவது வழி திறக்கும் பகுதியைக் குறைப்பது. திறக்காத ஃபிக்ஸட் பேனல்தான் எப்போதும் விலை குறைவு, ஏனென்றால் கீல், கைப்பிடி, பூட்டு, உள் ஃபிரேம் எதுவும் கிடையாது. அகலமான ஜன்னலை மூன்றாகப் பிரித்து நடுவில் ஃபிக்ஸட், ஓரத்தில் மட்டும் திறப்பு என்று வைத்தால் காற்றும் வரும், காசும் நிற்கும். ஸ்லைடிங், கீல் வைத்துத் திறக்கும் கேஸ்மென்ட்டை விடப் பெரும்பாலும் மலிவு. ஆனால் ஸ்லைடிங்கில் அடைப்புக்கு இருப்பது பிரஷ் மாதிரியான முடிப் பட்டை, கேஸ்மென்ட்டில் ரப்பர் கேஸ்கட் அழுத்தி மூடும். சத்தத்துக்காகவும் தூசிக்காகவும் போடுகிறீர்கள் என்றால் அந்த ஒரு அறைக்காவது கேஸ்மென்ட் எடுங்கள், நல்ல கண்ணாடி போட்டுவிட்டு ஓரத்தில் இடுக்கு விட்டால் சத்தம் அந்த இடுக்கு வழியாகவே வந்துவிடும்.

அப்புறம் அளவு. பத்து ஜன்னலுக்குப் பத்து அளவு என்று வரைபடத்தில் இருந்தால் இரண்டே அளவுக்குக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். சுவர் எழும்பும் முன் பென்சிலில் செய்ய வேண்டிய மாற்றம் இது, அப்போது செலவே கிடையாது. ரொம்பச் சின்ன ஜன்னலும் வேண்டாம், பல இடங்களில் ஒரு யூனிட்டுக்குக் குறைந்தபட்ச சதுர அடி என்று வைத்திருப்பார்கள், ஒன்றரை சதுர அடிக் கண்ணாடிக்கு மூன்று சதுர அடிக்கான பில் வரும். வளைவு, வட்டம், கண்ணாடிக்குள் கட்டம் கட்டுவது, மரநிறப் படலம், எல்லாமே தனித் தொகை. கெட்டி பிளாஸ்டிக்கான யூபிவிசி ஃபிரேமில் வெள்ளைதான் பெரும்பாலும் மலிவு.

ஃபிரேம் விஷயத்தில் என் கருத்து, கை இறுக்கமாக இருந்தால் யூபிவிசி. அலுமினியம் மெலிதாக அழகாக இருக்கும், ஆனால் உள்ளே வெப்பம் கடத்தாத பாலிஅமைடு பிளாஸ்டிக் தடுப்பு வைக்காத சாதாரண அலுமினியம் வெப்பத்தை அப்படியே கடத்தும், குளிர்காலத்தில் அதன் மேலேயே வியர்க்கும். தடுப்பு வைத்ததை வாங்கினால் விலை ஏறிவிடும். யூபிவிசி எடுத்தால் உள்ளே துருப்பிடிக்காதபடி துத்தநாகம் பூசிய இரும்பு இருக்கிறதா, எத்தனை மி.மீ. கனம் என்று கேளுங்கள். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, கனம் 1 மி.மீ. என்றால், 2.5 கிலோ. இரண்டு 5 மி.மீ. கண்ணாடி சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 25 கிலோ, இதை வெறும் பிளாஸ்டிக் தாங்காது, கீலும் ரோலரும் அந்த எடைக்கு உரியதாக இருக்க வேண்டும்.

புதுசா கட்டுபவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வாய்ப்பு உண்டு, பலர் இதைத் தவறவிடுகிறார்கள். ஜன்னல் செய்யும் பட்டறைகளில் தப்பு அளவில் செய்த யூனிட்டுகளும், வேலை நின்றுபோனதால் யாரும் எடுக்காத ஜன்னல்களும் கிடக்கும். டஃபண்ட் என்கிற, சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடியைச் செய்தபிறகு அறுக்க முடியாது, அறுத்தால் பொடிப்பொடியாகிவிடும், அதனால் அளவு தவறினால் அவர்களுக்கு அது சுமைதான், பாதி விலைக்கே கூடத் தரத் தயாராக இருப்பார்கள். சுவர் எழும்பும் முன் ஒரு சுற்று போய்ப் பார்த்து, கிடைத்த ஜன்னலின் அளவுக்கு ஏற்ப சுவரில் திறப்பு விடச் சொல்லலாம். வாங்கி வீட்டில் வைத்த பிறகே கொத்தனாருக்கு அளவு கொடுங்கள்.

அப்படி வாங்கும்போது எதைச் சோதிப்பது? ஸ்பேசர் பட்டையின் உட்புறம் தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், ஐரோப்பியத் தரத்தில் செய்ததென்றால் இ.என். 1279 என்ற எண்ணும் இருக்கலாம். விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி, சில்லு பெயர்ந்த இடமோ பிசின் விட்டுப்போன இடமோ இருக்கிறதா தடவிப் பாருங்கள். வெயிலில் நிமிர்த்தி வைத்துக் கிடந்ததென்றால் விட்டுவிடுங்கள், பாலிசல்ஃபைடு பிசினுக்கு நேர் வெயில் ஆகாது. அப்புறம் ஒரு லைட்டரையோ போன் டார்ச்சையோ கண்ணாடிக்கு அருகில் சாய்வாகப் பிடியுங்கள். நான்கு பிம்பங்கள் தெரியும், ஒவ்வொரு கண்ணாடிக்கும் இரண்டு. லோ-ஈ பூச்சு இருந்தால் அவற்றில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில், லேசான சிவப்பாகவோ பச்சையாகவோ தெரியும். நான்கும் ஒரே நிறம் என்றால் பூச்சு இல்லை, யார் என்ன சொன்னாலும் சரி. அறைப் பக்கம் நின்று பார்க்கும்போது நிறம் மாறியது மூன்றாவது பிம்பமாக இருந்தால் பூச்சு வெளிக்கண்ணாடியின் உள்முகத்தில் இருக்கிறது, வெப்ப ஊருக்கு அது ஏற்றது. இரண்டாவதாக இருந்தால் குளிர் ஊருக்கு.

பழைய வீடு என்றால் ஃபிரேம் நன்றாக இருக்கும்பட்சத்தில் கண்ணாடியை மட்டும் மாற்றலாமா என்று முதலில் யோசியுங்கள். 5-12-5, அதாவது 5 மி.மீ. கண்ணாடி இரண்டும் நடுவில் 12 மி.மீ. இடைவெளியும் உள்ள யூனிட்டின் மொத்தக் கனம் 22 மி.மீ., அதற்கு மேல் பீடிங்குக்கும் இடம் வேண்டும், மரஃபிரேமில் கண்ணாடி உட்காரும் காடி அந்த அளவு ஆழமாக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் பழைய ஜன்னலை அப்படியே விட்டு, உள்பக்கம் சுவரை ஒட்டி இன்னொரு கண்ணாடி ஜன்னல் போடுவது இருப்பதிலேயே மலிவான வழிகளில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே 100 மி.மீ. அல்லது அதற்கு மேல் இடம் விட்டால், சத்தத்தைத் தடுப்பதில் சாதாரண யூனிட்டை மிஞ்சிவிடும். யூனிட்டே போட்டுத்தான் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்றால் 5, 5 என்று ஒரே கனம் வாங்காமல் 6-ம் 4-ம் கேளுங்கள், இரண்டும் ஒரே சுருதியில் அதிராது. நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி இன்னும் நல்லது.

கொட்டேஷன் வாங்கும்போது ஒரே தாளை எல்லோருக்கும் கொடுங்கள். கண்ணாடியின் கனம், இடைவெளி, லோ-ஈ உண்டா, எந்த முகத்தில், ஃபிரேம் கனம், கீல், கொசுவலை, பொருத்துக்கூலி, வண்டி வாடகை, வரி, விளிம்பு சீலுக்கு எத்தனை வருட வாரண்டி, எல்லாம் தனித்தனி வரியாக வேண்டும் என்று சொல்லுங்கள். மொத்தமாகச் சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் சொல்பவரிடம் எதையும் ஒப்பிட முடியாது. சுற்றுப்புறத்தில் ஜன்னல் செய்பவர்களுக்கு வேலை குறைவாக இருக்கும் மாதம் எது என்று விசாரித்து அப்போது கொடுத்தால் பேரம் எளிதாகும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள், பொருத்தி முடித்துப் பார்த்த பிறகு கொடுக்க ஒரு பங்கு கையில் இருக்கட்டும்.

அளவெடுக்கும்போது அகலம் மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும், உயரம் அதேபோல மூன்று இடத்திலும் எடுத்து, இருப்பதிலேயே சிறியதை வைத்துக்கொண்டு, சுமார் 10 மி.மீ. குறைத்துச் சொல்வது வழக்கம். மூலைக்கு மூலை குறுக்களவும் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திறப்பு கோணலாக இருக்கிறது. முடிந்தால் செய்பவரே வந்து அளக்கட்டும், அப்போது தப்பு அவர் கணக்கில் போகும். மலை ஊருக்குச் சமவெளியில் செய்த யூனிட்டை வாங்குவதானால் உயரத்தைச் சொல்லிவிடுங்கள், மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் கண்ணாடி புடைத்து விளிம்பு விட்டுப்போகும். அழுத்தம் சமமாவதற்கென்று மெல்லிய குழாய் வைத்துச் செய்வார்கள்.

பொருத்தும் நாளில் பக்கத்தில் இருங்கள். யூனிட் நேரடியாக ஃபிரேமின் மேல் உட்காரக் கூடாது, கீழே பிளாஸ்டிக் கட்டைகள் வைத்து அதன் மேல்தான் உட்கார வேண்டும், அப்போதுதான் உள்ளே வரும் மழைநீர் விளிம்பை நனைக்காமல் ஓடும். அடைக்கிற சிலிகானில் புளித்த வாடை வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், அந்த வகை சிலிகான் யூனிட்டின் பிசினைக் கெடுக்கக்கூடும், நியூட்ரல் சிலிகான்தான் வேண்டும். எல்லாம் முடிந்ததும், பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன், ஒரு சொம்புத் தண்ணீரைக் கீழ் ஃபிரேமின் பள்ளத்தில் ஊற்றிப் பாருங்கள். வெளிப்பக்கத் துளைகள் வழியாக அது ஒரு நிமிடத்தில் வடிய வேண்டும். தேங்கி நின்றால் துளை போடவில்லை, அல்லது சிமென்ட்டோ ஃபோமோ அடைத்திருக்கிறது. அதை அவர்கள் அப்போதே திறந்துவிட்டுப் போகட்டும்.