உயிலின் மூலையில் இருந்த இரண்டு துளைகள் – என் அனுபவம்

அப்பாவின் உயிலுக்குப் புரொபேட் (உயில் செல்லும் என்று உறுதிசெய்யும் நீதிமன்ற ஆணை) கோரி நான் அளித்த விண்ணப்பம், விளக்கம் கேட்கும் குறிப்புடன் இரண்டு முறை திரும்பி வந்தது. கையொப்பத்தில்தான் ஐயம் என்று கருதி, அவருடைய பழைய வங்கிப் படிவங்களைத் திரட்டிக் கொடுத்தேன், பயனில்லை. சாட்சிகள் இருவரும் பயனாளிகள் அல்லர் என்பதற்கும் சான்று அளித்தேன் (பயனாளியே சாட்சியாகக் கையொப்பமிட்டால், பல நாடுகளில் அவருக்குரிய பங்கு செல்லாமல் போகும்), அதுவும் வீண். இப்படியே மூன்று வாரங்கள் கழிந்தன.

குறிப்பை மீண்டும் படித்தபோதுதான் "மூலத் தாளின் நிலை" என்ற சொற்கள் கண்ணில் பட்டன. ஒளிநகல் எடுப்பதற்காக ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றி, பிறகு வேறோரிடத்தில் அடித்தவன் நானே. மூலையில் எஞ்சியிருந்த இரண்டு துளைகள், பின்னர் எழுதிய திருத்தவுரையோ ஒரு பக்கமோ நீக்கப்பட்டிருக்குமா என்ற கேள்வியை எழுப்பியிருந்தன. பெரும்பங்கு பெறப்போகிறவனே மூலத்தைப் பிரித்திருக்கும்போது அக்கேள்வி நியாயமானது. என் தங்கை அதைக் கேட்டிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க முடியாது.

தீர்வு, உயிலைத் தயாரித்த வழக்கறிஞரின் கோப்பில் இருந்தது. பக்க எண்ணும் சாட்சிகளின் சுருக்கொப்பமும் ஒவ்வொரு பக்கத்திலும் கொண்ட நகலொன்றை, கையொப்பமான அன்றே எடுத்து அவர் பாதுகாத்திருந்தார்; வீட்டிலேயே எழுதிய உயிலாக இருந்திருந்தால் என் சொல்லைத் தவிர வேறு சான்று இருந்திருக்காது. துளைகள் ஏற்பட்ட விதத்தை விளக்கி நானும், உயிலுடன் வேறெதுவும் இணைக்கப்படவில்லை என்று அவரும் தனித்தனியே பிரமாணப் பத்திரம் அளித்தோம். நகலைத் தங்கைக்கும் அனுப்பினேன். பதினோராம் நாள் ஆணை வந்தது, நிம்மதியாயிற்று.